வீச்சு வலையின் வட்டம்

மட்டக்களப்பு வாவியின் கரையில் மாலை வேளையில் சிறிது நேரம் நிற்பவர் கண்ணில் வீச்சு வலைக்காரர் ஒருவராவது பெரும்பாலும் படுவார். கல்லடிப் பாலத்தின் அருகிலோ, வலையிறவுப் பக்கத்திலோ, பாலமீன்மடு முகத்துவாரத்திலோ, முழங்காலளவு நீரில் நின்றோ தோணியின் அணியத்தில் நின்றோ அவர் தம் உடலை ஒருமுறை திருப்பிக் கையை வீசுகிறார். கையை விட்டுப் புறப்படும்பொழுது வெறும் பொதியாக இருந்த வலை, நீரைத் தொடும்பொழுது வட்டமாக விரிந்து விடுகிறது. பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆயினும், பொதியை வட்டமாக்குவது எது? ஒரே அளவில், ஒரே கண்ணில் பின்னிய வலை பருத்தி நூலில் ஒருவிதமாகவும், நைலோனில் வேறுவிதமாகவும், தங்கூசியில் இன்னொரு விதமாகவும் விரிவதும் தேய்வதும் ஏன்? இவ்வாரம் இதனையே நம் பொருளாகக் கொண்டோம்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கிடக்கும் நமது வாவி ஆழமற்றது. பல இடங்களில் ஒருவர் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம். இத்தகைய நீருக்கென்றே அமைந்த கருவி வீச்சு வலை. தோணி இல்லாதவனுக்கும், கூட்டாளி இல்லாதவனுக்கும், இரண்டு கையும் ஒரு வலையும் இருந்தால் அன்றைய கறிக்கு வழி உண்டு. ஆலவாய் அண்ணலே வலைஞனாக வந்து வலை வீசினான் என்று திருவிளையாடற் புராணம் தனிப் படலமே வகுத்திருக்கிறது. வலையிறவு என்னும் ஊரின் பெயரிலேயே வலை நிற்கிறது. அதன் வரலாற்றை ஆராய்வோர் ஆராய்க.

வலையின் உறுப்புக்கள் மிகச் சில. உச்சியில் ஒரு கயிறு. அதன் மறுமுனை எறிபவரின் மணிக்கட்டிற் சுருக்கிடப்பட்டிருக்கும். உச்சியிலிருந்து விளிம்பு நோக்கிக் கண்களைப் படிப்படியாகப் பெருக்கிப் பின்னிய வலைப்பரப்பு. விளிம்பைச் சுற்றி ஈயக் குண்டுகள். இவ்வளவே. மார்பளவு உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 1.25 மீற்றர் உயரத்திலிருந்து நழுவிய பொருள் எதுவும் அரை விநாடியில் நீரைத் தொட்டுவிடும். சற்று மேல்நோக்கி வீசினால் இன்னுஞ் சிறிது நேரம் கிடைக்கும். அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் வலை முழுவதும் விரிந்தாக வேண்டும். 3 மீற்றர் ஆரையுள்ள வலை முழுதாக விரிந்தால் 28 சதுர மீற்றர் நீரை மூடும். அரைகுறையாக 2 மீற்றர் ஆரைக்கு விரிந்தால் மூடுவது 12½ சதுர மீற்றரே. ஆரையில் மூன்றிலொரு பங்கு குறைந்தால் பரப்பில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. பாடசாலையில் வட்டத்தின் பரப்பைக் கணித்து அலுத்துப்போகும் மாணவர்கள் இவ்விடத்தைச் சிறிது நின்று பார்ப்பார்களாக.

விரிப்பது சுழற்சி. நூலிற் கட்டிய கல்லைச் சுழற்றினால் கல் வெளியே ஓட முயன்று நூலை இழுத்துப் பிடிக்கிறதன்றோ? அவ்வாறே விளிம்பிலுள்ள ஒவ்வொரு குண்டும் நேர்வழியில் ஓடப் பார்க்கிறது; வலைநூல் அதனைத் தடுக்கிறது; அந்த இழுபறியில் வலை இறுகி வட்டமாகிறது. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. வலை விரிய விரியச் சுழற்சி தளர்ந்துகொண்டே போகும். குண்டுகள் நிற்கும் ஆரை இரட்டித்தால் சுழலும் வேகம் நான்கிலொன்றாகிவிடும். கைகளை மார்போடு அணைத்தபடி சுழலும் நர்த்தகி கைகளை நீட்டியவுடன் வேகம் தளர்வதும் இதே விதியினால்தான். ஆகவே முழு வட்டத்துக்கு வேண்டிய சுழற்சியைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். புதிதாகப் பழகுபவர் கையின் பலத்தால் எறிகிறார். வலை பிறை போல விழுகிறது. கைதேர்ந்தவர் இடுப்பைத் திருப்பி எறிகிறார்; கை, திரும்பிய உடலுக்குப் பின்னால் தானே வருகிறது.

இந்தச் சுழற்சியையே முதலாகக் கொண்ட விளையாட்டு ஒன்று கடல் கடந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்கரான பிரெட் மொரிசன் 1948 இல் பறக்கும் தட்டொன்றைப் பிளாஸ்டிக்கில் வார்த்தார். பின்னர் திருத்தப்பட்ட தட்டை 1957 இல் வாம்-ஓ கம்பனி விற்கத் தொடங்கியது. அதுவே ஃபிரிஸ்பி எனப் பெயர் பெற்றது. 1975 இல் கலிபோர்னியாவில், லா கனியாடா ஊரின் ஓக் குரோவ் பூங்காவில், தட்டெறிந்து இலக்குத் தோறும் செல்லும் ‘டிஸ்க் கொல்ஃப்’ ஆட்டத்துக்கு நிலையான முதற்களம் அமைந்தது. நெடுந்தூரத்துக்கு ஒரு தட்டு, நடுத்தூரத்துக்கு ஒரு தட்டு, இலக்கை அணுகியபின் ஒரு தட்டு என்று ஆடுவோர் வகைவகையாக வைத்திருக்கின்றனர். நடுத்தூரத் தட்டின் எடை 180 கிராம் அளவுக்குட்பட்டது. வலக்கையர் உடலுக்குக் குறுக்கே கையை வீசி எறிந்தால், மேலிருந்து பார்க்கக் கடிகாரமுள் செல்லும் திசையில் தட்டுச் சுழலும். வேகம் மிகுந்திருக்கும்வரை அது வலப்பக்கம் சாயப் பார்க்கும், வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். காற்று அதனைத் தாங்குகிறது. வலையையோ காற்று தாங்குவதில்லை. ஆயினும் பாரத்தை விளிம்பில் வைத்தால் சுழற்சி நிலைக்கும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது.

நமக்கு இங்கே வேண்டியது அவர்கள் பிளாஸ்டிக்குகளைப் பற்றிச் சொல்வது. மலிவான மென்பிளாஸ்டிக் தட்டு கைக்கு நன்றாகப் பிடிபடும். ஆனால் மரத்தில் மோதி மோதி விளிம்பு சிதைந்து, நாளடைவில் வலப்பக்கமே சாயத் தொடங்கும். பொலியூரிதேன் வகையைச் சேர்ந்த விலைகூடிய பிளாஸ்டிக் நெடுநாள் வரை ஒரே விதமாகப் பறக்கும். ஆனால் ஈரத்தில் கைக்கு வழுக்கும். தேய்ந்த தட்டையும் தேர்ந்த ஆட்டக்காரர் எறிந்துவிடுவதில்லை. வலப்பக்கம் வளையவேண்டிய இடத்துக்கென்று அதனைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். கைக்கு இணங்குவது உழைக்காது, உழைப்பது கைக்கு இணங்காது என்னும் இந்த வழக்கு நமது வாவிக்கரைக்கும் உண்டு. அங்கே அது விளையாட்டு. இங்கே அடுப்பெரிய வேண்டிய காரியம்.

பருத்தி வலையிலிருந்து தொடங்குவோம். பருத்தி நூல் மென்மையானது, மடித்தால் மடிந்து கிடக்கும், முடிச்சு வழுவாது. நனைந்தால் அதன் வலிமை சற்றுக் கூடுகிறது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அது நீரைக் குடிக்கும். நீர் குடித்த வலை தோளுக்குப் பாரம்; மடிப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் விரியத் தாமதிக்கும்; தடித்த நூல் நீரில் இறங்கும்பொழுது தடையும் அதிகம். இவற்றினும் பெரிய பகை அழுகல். ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்கள் பருத்தியை உணவாகக் கொள்கின்றன. அதனாலேயே முன்னோர் வலையை நாள்தோறும் வெயிலில் விரித்துக் காயவைத்தனர். பனிச்சங்காயின் சாற்றையும் கண்டல் மரப்பட்டை அவித்த நீரையும் ஊட்டி நூலைப் பதப்படுத்தினர். இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் நுண்ணுயிர்களைத் தடுக்கிறது. பனிச்சை மரம் நமது பனிச்சையடியின் பெயரில் இருக்கிறது. அதன் காயை வலைக்கு ஊட்டியதை அறிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேரோ!

நைலோன் வந்தது இவ்வழக்கத்தை ஒரு தலைமுறைக்குள் துடைத்துவிட்டது. 1935 இல் டூபொன்ட் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் ஆக்கிய இப்பொருள், 1938 இல் முதலிற் பல்துலக்கும் தூரிகையின் மயிராகக் கடைக்கு வந்தது. காலுறையாகி மங்கையரிடையே புகழ் பெற்றது அதன் பின்னரே. மெல்லிய இழைகள் பலவற்றை முறுக்கிய நைலோன் நூல், பருத்தியளவு வலிமைக்குப் பருத்தியிலும் மிக மெல்லியதாக இருந்தால் போதும். அழுகாது. திடீரென்று பெரிய கொடுவா ஒன்று மோதினாலும் அறாமல் நீண்டு கொடுக்கும். நீரைச் சிறிதே உறிஞ்சும். உறிஞ்சும்பொழுது வலிமையிற் சிறிது குறைந்தாலும் நூல் இளகி மென்மையாகிறது. புது வலையை முதலில் நன்றாக நனைத்து எடுத்தபின் எறிந்தால் அது சொற்கேட்பதன் காரணம் இதுவே.

நீருக்குள் இறங்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஈயம் நீரைப்போல் 11 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. நீருக்குள் தன் பாரத்தில் நூற்றுக்கு 9 பங்கை மட்டுமே அது இழக்கிறது. நைலோனின் அடர்த்தி 1.14, அது நீருக்குள் தன் பாரத்தில் எட்டிலொரு பங்கோடுதான் நிற்கிறது. எனவே வலையைக் கீழே கொண்டுசெல்வது முழுவதும் ஈயத்தின் வேலை; நூலின் வேலை தடையாக இராமல் இருப்பதே. பொலித்தீன் நூலோ நீரைவிட இலேசானது, மிதக்கும்; கயிற்றுக்கு அது நன்று, வீச்சு வலைக்கு ஆகாது.

இனி ஒரு முக்கியமான செய்தி. பருத்திக்கு அழுகல் பகையானது போல நைலோனுக்கு வெயில் பகை. சூரிய ஒளியிலுள்ள ஊதாகடந்த கதிர்கள் அதன் நீண்ட மூலக்கூறுகளை அறுத்து நூலை நொறுங்கச் செய்கின்றன. ஆனால் தந்தையும் பாட்டனும் பருத்தி வலையை வெயிலில் விரித்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், நைலோன் வலையையும் அதே வேலியில் அதே வெயிலில் நாள்முழுதும் விரிக்கின்றனர். அன்று வலையைக் காத்த பழக்கம் இன்று வலையைத் தின்கிறது. நன்னீரில் அலசி நிழலில் தொங்கவிடுவதே நைலோனுக்குரிய முறை. செலவில்லாத மருந்து இது.

வலை முதலிற் கிழிவது ஈயக் குண்டுகளுக்கு மேலுள்ள சில வரிக் கண்களில். சிப்பி ஓட்டிலும், மட்டியிலும், கண்டல் வேரிலும் உராய்வது அப்பகுதியே. முறுக்கிய நூலில் தேய்வு கண்ணுக்குத் தெரியும். வெளியிழைகள் அறுந்து பஞ்சுபோல் எழும்பும். அதனைக் கண்டவுடன் வலையூசியை எடுத்து அந்த வரிகளை மாத்திரம் மாற்றிப் பின்னிவிடலாம். ஓய்வான பிற்பகலில் திண்ணையில் இருந்து இதைச் செய்யும் கையின் வேகத்தைப் பார்ப்பதே ஓர் இன்பம்.

தங்கூசி வேறு சாதி. பெரும்பாலும் அதுவும் நைலோன்தான். ஆனால் பல இழை முறுக்காமல் ஒற்றை இழையாக இழுத்தது. வழுவழுப்பாகவும் கண்ணாடி போலவும் இருக்கும். நீரைப் பிடித்துவைக்காது, மடிப்புக்கள் ஒட்டாது. எறிந்தவுடன் படீரென விரியும், விரைந்து இறங்கும், மீனின் கண்ணுக்கும் எளிதிற் படாது. விலையும் மலிவு. இத்தனை நற்குணங்களையும் ஒப்புக்கொண்டபின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அது விறைப்பானது, மடித்து வைத்த வளைவை மறவாது, சுருண்டு நிற்கும். முடிச்சு வழுக்கும். ஓரிடத்திற் கீறல் விழுந்தால் இழுவை முழுவதும் அக்கீறலிற் சென்று குவிந்து, முன்னறிவிப்பின்றி அறும். பஞ்செழும்பி எச்சரிக்கும் வழக்கம் அதற்கில்லை. தைப்பதற்குக் கடினமாகையால் கிழிந்ததைத் தைப்பாரும் குறைவு. கழித்துவிட்டுப் புதிது வாங்குவதே வழக்கமாகிறது.

கழித்தது எங்கே போகிறது? வாவிக்குத்தான். வீச்சு வலை மணிக்கட்டோடு கட்டுண்டிருப்பதால் எளிதில் தொலைவதில்லை. தொலைவதும் கைவிடப்படுவதும் பெரும்பாலும் நீரில் விட்டுச்செல்லும் தங்கூசிச் செவுள் வலைகளே. ஆளில்லாத வலை அழுகாமல் கிடந்து, யாருக்கும் உதவாத மீனையும், நண்டையும், மூழ்கி இரைதேடும் நீர்க்காகத்தையும் பிடித்துக்கொண்டே இருக்கும். இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த ஒழுங்குவிதிகள் தங்கூசி வலையைத் தடைசெய்தன. தடை நியாயமானதே என்பது நமது கருத்து. ஆயினும் மலிவானதை விலக்கச் சொல்லும்பொழுது, விலைகூடிய முறுக்கு நூல் வலையை ஏழைத் தொழிலாளி எவ்வாறு வாங்குவான் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். பறிமுதலோடு கடமை முடிந்ததாகக் கொள்ளுதல் பாதி வேலையே. கழிந்த வலையைக் கரையிற் கொளுத்துவதும் ஆகாது. எரியும் நைலோனிலிருந்து நச்சு வாயுக்கள் கிளம்பும்.

இறுதியாக ஈயத்தைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. எறியுமுன் வலை விளிம்பின் ஒரு பகுதியைப் பல்லாற் கவ்விக்கொள்வது பலருடைய முறை. வலை அழகாக விரிவதற்கு அது உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஈயம் உடலிற் சேர்ந்தால் நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும் நஞ்சு. வளரும் பிள்ளைகளின் மூளைக்கு மிகவும் தீயது. இவ்வளவு சேர்ந்தாற் குற்றமில்லை என்று சொல்லத்தக்க அளவு ஒன்று அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தோளிலும் முழங்கையிலும் மடிப்பைத் தாங்கி, பல்லின் உதவியின்றி எறியும் முறைகளும் உண்டு. பழகத் தொடங்கும் பையன்களுக்கு முதலிலேயே அவற்றைக் காட்டிக் கொடுக்கலாம். ஈயம் 327 பாகை சதமத்தில் உருகுவதால் வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்ப்பாரும் உளர். அந்தச் சட்டியை அடுக்களைக்குள் கொண்டுவராமல், பிள்ளைகள் நடமாடாத வெளியிடத்தில், காற்றடிக்கும் திசைக்கு மேற்பக்கமாக நின்று வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். வலை தொட்ட கையைச் சோற்றில் வைக்குமுன் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும்.