பழைய கண், புதிய உடல்

ஆண்டாப் ஹில்லிலிருந்து சிவ்ரி அதிக தூரமில்லை. ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் வடாலா ரோடு, அதற்கடுத்தது சிவ்ரி. கடல் வற்றும் நேரத்தில் அங்கே சேற்றில் இறங்கும் பூநாரைகளைப் பார்க்க 1990களிலிருந்தே குளிர்காலந்தோறும் ஆட்கள் போய்வருகிறார்கள். பெரும்பாலோர் வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரே படம்தான். கீழே சாம்பல் நிறச் சேறு, மேலே வெளிறிய வானம், நடுவே இளஞ்சிவப்பில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடுதான் பறவைகள் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

குறை எடுத்தவர் மீது இல்லை. செல்போன் காமிராவின் கண் அகலமானது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க அது உதவும். 100 மீட்டருக்கு அப்பால் தலைகீழாக அலகைச் சேற்றில் துழாவும் ஒரு பறவையை அது தூசியாகத்தான் காட்டும். அதற்கு டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டும். கடையில் விலை கேட்டவுடன் ஆசை பாதி அடங்கிவிடும். பெரிய கம்பெனிகளின் 600 மி.மீ. எஃப்4 லென்ஸ் ரூ. 10 லட்சத்தைத் தாண்டுகிறது. அரசு ஊழியர் ஒருவர் பிராவிடண்ட் ஃபண்டில் கை வைத்துப் பறவை பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் அலமாரியின் மேல்தட்டு நினைவுக்கு வருகிறது. 1980களில் வளைகுடாவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த ஃபிலிம் காமிரா பல வீடுகளில் தோல் உறைக்குள் தூங்குகிறது. சில வீடுகளில் அதன் பக்கத்தில் 200 அல்லது 300 மி.மீ. லென்ஸ் ஒன்றும் இருக்கும். ஃபிலிம் போன பிறகு பெட்டியைத் திறந்தவர் இல்லை. காமிரா வழக்கொழிந்தது வாஸ்தவம். லென்ஸ் வழக்கொழியவில்லை. கண்ணாடி வழியாக ஒளி வளையும் விதி 1980லும் இன்றும் ஒன்றுதான்.

ஆனால் இவ்வளவு காலமும் அதை வேறு கம்பெனியின் காமிராவில் மாட்டுவது லேசில் நடக்கவில்லை. காரணம், ஒரு சிறிய கண்ணாடி. எஸ்.எல்.ஆர். காமிராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்ந்து நிற்கும் அந்தக் கண்ணாடிதான் காட்சியை எடுப்பவரின் கண்ணுக்கு அனுப்புகிறது. அது மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். எனவே லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை நல்ல இடைவெளி விட்டே இவற்றைக் கட்டினார்கள். 1959ல் வந்த நிக்கானின் எஃப் வளையத்துக்கு அது 46.5 மி.மீ. கேனனின் எஃப்.டி. வகைக்கு 42 மி.மீ. ஒவ்வொரு லென்ஸும் தனக்குரிய அந்தத் தூரத்தில் நின்றால்தான் தொலைவில் இருப்பது தெளிவாகும்.

மிரர்லெஸ் காமிராவில் அந்தக் கண்ணாடி இல்லை. இந்த வகையில் முதலாவதாக 2008ல் பேனசோனிக்கின் ஜி1 வந்தது. 2013ல் சோனி முழு ஃபிலிம் அளவு சென்ஸாருடன் ஏ7 காமிராவைக் கொண்டுவந்தது. 2018ல் நிக்கானும் கேனனும் அதே பாதைக்கு வந்துசேர்ந்தன. கண்ணாடி போனதும் இடைவெளியும் சுருங்கியது. சோனியில் அது 18 மி.மீ., நிக்கானின் இஸட் வகையில் 16 மி.மீ. பழைய நிக்கான் லென்ஸை சோனியில் மாட்ட வேண்டுமா? 46.5ல் 18 போக மீதி 28.5 மி.மீ. அந்த நீளத்துக்கு ஒரு உலோகக் குழாய் போதும். அதன் ஒரு முனையில் நிக்கான் பல், மறுமுனையில் சோனி பல். உள்ளே கண்ணாடி, மின்சாரம் எதுவும் இல்லை. அடாப்டர் என்பது சாதாரண வகையில் இவ்வளவுதான். விலை சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும்.

இதனால் அதிகம் பிழைத்தது கேனன் எஃப்.டி. குடும்பம். 1987ல் கேனன் தானியங்கி ஃபோகஸுக்காக ஈ.எஃப். என்ற புது வளையத்துக்கு மாறியது. அதன் இடைவெளி 44 மி.மீ. பழைய லென்ஸுக்குத் தேவை 42. குழாய் வைக்க இடமே இல்லை, உடல்தான் 2 மி.மீ. அதிகமாக இருந்தது. திருத்தும் கண்ணாடி ஒன்றை நடுவில் வைத்தால் ஒழிய தொலைதூரக் காட்சி தெளியாது. வைத்தால் படத்தின் தரம் குறையும். அப்படி ஒரே நாளில் அநாதையான லென்ஸ்கள் 20 ஆண்டுகளுக்கு மேல் இரண்டாங்கைக் கடைகளில் கிடந்தன. மிரர்லெஸ் வந்தபிறகு அவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது.

ஒரு கம்பெனியின் உடலில் இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸைப் பொருத்துவது தமிழருக்குப் புதிதல்ல. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) காட்டுயிர் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950லிருந்து இறக்கும் வரை இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானைகளைக் கருப்பு வெள்ளையில் படமெடுக்க அவர் பயன்படுத்திய கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற உறுப்புகளை ஒட்டவைத்தது அவர் கை. அந்தக் கனத்த கலவைக்கு 'சூப்பர் பாண்டெரோஸா' என்று பெயர். அதைத் தூக்கிக்கொண்டு அவர் எடுத்த படங்கள் இன்றும் மதிப்பிழக்கவில்லை. விலையுயர்ந்த கருவி கிடைக்கும் வரை அவர் காத்திருந்தால் அந்த யானைகள் நமக்குக் கிடைத்திருக்காது.

டெலி என்றால் நீளமானது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் டெலிஃபோட்டோவின் சாமர்த்தியம் குட்டையாக இருப்பதில்தான் உள்ளது. முன்னால் குவிக்கும் கண்ணாடிக் கூட்டமும் பின்னால் விரிக்கும் கூட்டமும் வைத்தால், 300 மி.மீ. குவியத் தூரம் கொண்ட லென்ஸை அதைவிடக் குறைந்த நீளக் குழாய்க்குள் அடக்கலாம். 1891ல் இங்கிலாந்தில் டால்மேயரும் ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகியோரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இதைக் கண்டார்கள். இதற்கு ஒரு விலையும் உண்டு. சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியில் குவியாமல், வெள்ளைப் பறவையின் ஓரத்தில் ஊதா நிற விளிம்பு தெரியும். அதைக் குறைக்க கேனன் 1969லேயே ஃப்ளோரைட் படிகத்தைப் பயன்படுத்தியது. நிக்கான் 'ஈ.டி.' என்ற தனிரகக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வாங்குகிறவர் அதன் கழுத்தில் இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. இல்லாவிட்டாலும் துவாரத்தை ஒன்றிரண்டு படி சுருக்கினால் படம் பொதுவாகக் கூர்மையாகும்.

மலிவு அடாப்டர் அளவு பிசகாதா என்ற கேள்வி நியாயமானது. பிசகும். அப்போதும் டெலி லென்ஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். குழாய் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 24 மி.மீ. அகல லென்ஸ் சுமார் 6 மீட்டருக்கு மேல் ஃபோகஸ் ஆகாது. அதே குழாயில் 300 மி.மீ. லென்ஸ் 900 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். சிவ்ரியில் அதற்கு மேல் என்ன வேண்டும்? டெலிக்கு ஆபத்து நீளத்தில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது. ஒரு கிலோ கனமுள்ள லென்ஸை லேசான குழாயில் தொங்கவிட்டு உடலைப் பிடித்துத் தூக்கினால் வளையம் தளரும். கை எப்போதும் லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும். முக்காலியில் ஏற்றும்போதும் லென்ஸின் கழுத்துப்பட்டையைத்தான் திருக வேண்டும், காமிராவை அல்ல.

தானியங்கி ஃபோகஸ் இல்லாததுதான் பெரிய தயக்கம். சாதாரணக் குழாயில் அது கிடைக்காது. நிக்கானின் சொந்த அடாப்டரில்கூட, உள்ளே மோட்டார் உள்ள லென்ஸுக்கு மட்டுமே அது வேலை செய்யும். உடலில் உள்ள மோட்டாரை நம்பிய பழைய 'ஏ.எஃப்.-டி' ரகங்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆனால் மிரர்லெஸ் இதற்குக் கைகொடுக்கிறது. தெளிவாக உள்ள விளிம்புகளை வண்ணத்தில் ஒளிரவைக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பறவையின் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டும். ஃபிலிம் காலத்தில் மங்கலான தரைக் கண்ணாடியில் கண்ணை இடுக்கியவர்களுக்குக் கிடைக்காத சௌகரியம் இது.

மூன்று ஏற்பாடுகளை மறக்கக்கூடாது. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் படமெடு' என்பதை அனுமதிக்க வேண்டும். குழாயில் மின்தொடர்பு இல்லாததால் லென்ஸ் இருப்பதே காமிராவுக்குத் தெரியாது. சென்ஸாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் 300 என்ற எண்ணை நாமே பதிய வேண்டும். எந்தத் துவாரத்தில் எடுத்தோம் என்பதைக் காமிரா குறித்துவைக்காது. அதற்குப் பாக்கெட் நோட்டு வேண்டும்.

மும்பையில் வாங்குகிறவர் விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சையை. நான்கு மாத மழையும் கடற்காற்றும் மூடிய அலமாரியும் சேர்ந்தால் கண்ணாடிமேல் சிலந்தி வலைபோல் அது படரும். முற்றினால் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். ஃபோர்ட் பகுதியின் போரா பஜாரிலோ வேறெங்கோ வாங்கும்போது, துவாரத்தை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். பழைய காமிரா அதை நொடியில் மூட வேண்டியிருந்தது. அடாப்டரில் கையால்தானே மூடுகிறோம். வீட்டில் தோல் உறை ஆகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும்.

இத்தனை பாடுபட்டு எடுக்கும் படம் லட்ச ரூபாய் லென்ஸின் படத்துக்கு ஈடாகுமா? பறக்கும் பறவையில் ஆகாது. பாயும் மீன்கொத்தியை கையால் ஃபோகஸ் செய்து பிடிப்பது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பூநாரை அப்படியல்ல. குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் மெதுவாக மேயும். 30 மீட்டரில் நிற்கும் பறவைக்கு, முழு அளவு சென்ஸாரில் 300 மி.மீ. லென்ஸை எஃப்4.5ல் திறந்தாலும், சுமார் இரண்டரை மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். சிறிய ஏ.பி.எஸ்.-சி. சென்ஸார் என்றால் 300 மி.மீ. லென்ஸ் 450ன் காட்சியைத் தரும். பழைய டெலிக்கென்றே படைக்கப்பட்ட பறவை என்று சொல்லலாம்.

பணத்தை மட்டும் பேசி இதை முடித்துவிட முடியாது. லென்ஸ் இல்லாதவர் பறவையை நெருங்குகிறார். ஒருவர் சேற்றுக்குள் பத்தடி இறங்கினால் கூட்டம் எழுந்து பறக்கிறது. மேயும் நேரம் போகிறது, சேர்த்த தெம்பு வீணாகிறது. இந்தப் பறவைகளுக்கு ஏற்கெனவே சிரமங்கள் குறைவில்லை. தானே கழி 2015ல் பூநாரைச் சரணாலயம் ஆனது, 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்ட ஆண்டுகள் உண்டு. ஆனால் சரணாலயத்தின் எல்லை சிவ்ரி வரை வரவில்லை. 21.8 கி.மீ. நீளமுள்ள அடல் சேது சிவ்ரியின் சேற்றுப் பரப்பைத் தாண்டித்தான் கடலுக்குள் போகிறது. அது திறக்கப்பட்ட அதே 2024ன் மே மாதத்தில் காட்கோபரில் விமானம் மோதி சுமார் 40 பூநாரைகள் செத்து விழுந்தன.

இந்த நிலையில், அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று, தேதியோடு எடுத்துவைக்கும் படங்களுக்குப் பொழுதுபோக்கைத் தாண்டிய மதிப்பு உண்டு. பறவைகள் எப்போது வந்தன, எங்கே மேய்ந்தன, எந்தக் காலில் வளையம் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி. சேறு இருந்த இடத்தில் சேறே இல்லை என்று நாளை யாராவது சொன்னால் எடுத்துக்காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். தூரத்திலிருந்து வருபவர் ஒருநாள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆண்டாப் ஹில்காரருக்கு ரயிலில் இரண்டே நிறுத்தம்.

கடைசியாக, செலவில்லாத ஒரு உத்தி. கடல் வற்றும்போது பறவைகள் தண்ணீரைத் தொடர்ந்து தூரம் போய்விடும். திரும்ப ஏறும்போது சேறு குறையக் குறைய, மேய்ந்தபடியே கரைப்பக்கம் நகர்ந்துவரும். ஓத நேரம் பார்த்துப் போய் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, 300 மி.மீ. லென்ஸ் செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கடலே செய்துகொடுத்துவிடும்.