கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை!

கல்லூரிப் பையன்கள் நாலு பேர் கூடினால் கட்டாயம் வரும் பேச்சு ஒன்று உண்டு. "மச்சி, உன் சிஸ்டத்துல என்னென்ன சாஃப்ட்வேர் வச்சிருக்க?" உடனே பட்டியல் கொட்டும். படம் பார்க்க விஎல்சி, கோப்பைச் சுருக்க செவன்-ஜிப், நிரல் எழுத நோட்பேட் பிளஸ் பிளஸ், எங்கேயோ போட்டு மறந்த கோப்பைத் தேட எவ்ரிதிங்... எல்லாம் அருமையான மென்பொருட்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த "டாப் டென்" பட்டியல்களில் என்விடிஏ என்ற பெயரை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்?

என்விடிஏ ஒரு திரைவாசிப்பான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும். பார்வையற்றவர் மவுஸைத் தொடாமல், விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்பலாம், வேர்டில் கட்டுரை எழுதலாம், இணையத்தில் மேயலாம், நிரலும் எழுதலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் இதைத் தொடங்கினார். அவரோடு ஜேம்ஸ் டெ சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். சிறுவயதில் ஓர் இசை முகாமில் பழக்கமானவர்கள். அந்தக் காலத்தில் விண்டோஸுக்கான பெரிய திரைவாசிப்பான் என்றால் ஜாஸ்தான். நல்ல மென்பொருள், ஆனால் விலை ஏறக்குறைய ஆயிரம் டாலர்! கணினியின் விலையை விட அதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் விலை அதிகம். பார்வை உள்ளவன் இலவசமாகப் படிப்பதைப் பார்வையற்றவன் படிக்க ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் என்விடிஏ. இன்றுவரை இலவசம். மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். கொஞ்சம் ரோபோ மாதிரிதான் இருக்கும். ஆனால் பேசும்.

சரி, கருவி வந்தாயிற்று. இலவசமாகவும் வந்தாயிற்று. தமிழும் பேசுகிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை பாமினி!

ஜே, கே, பி, ஓ...

ஒரு வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு மூன்று நாள். வகுப்பின் நல்ல உள்ளம் ஒன்று கஷ்டப்பட்டுத் தட்டச்சு செய்த நாற்பது பக்கக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்புகிறது. கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. மற்றவர்கள் திறந்து படிக்கிறார்கள். இவர் திறக்கிறார். கணினி என்ன படிக்கும் தெரியுமா? "தமிழ்" என்ற சொல் வரும் இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துக்களை ஒன்றாகச் சேர்த்து ஏதோ உளறும். "அம்மா" என்ற இடத்தில் எம், கே, அதன் பிறகு கே, எச். நாற்பது பக்கமும் இப்படியே.

இது என்விடிஏயின் கோளாறு இல்லை. திரைவாசிப்பானுக்குக் கண் கிடையாது. எழுத்தின் வடிவத்தை அது பார்ப்பதில்லை. கோப்பில் பதிந்திருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறது. யூனிகோடில் "ழ" என்ற எழுத்துக்கு 2996 என்று ஓர் எண் உண்டு. உலகத்தில் எந்தக் கணினியில் திறந்தாலும் 2996 என்றால் "ழ" மட்டும்தான். பாமினியில் அதே "ழ" 111 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. 111 யாருடைய எண்? ஆங்கிலச் சின்ன "ஓ"வுடையது. அதாவது பாமினிக் கோப்பில் தமிழே கிடையாது! உள்ளே இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள். அதன் மேல் தமிழ் முகமூடி. முகமூடி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பாமினி இல்லாத கணினியில் இந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு விஷயம் உடனே புரியும். திரை முழுக்க ஆங்கிலக் குப்பை வந்து நிற்கும். "யாராவது ஃபாண்ட் அனுப்புங்கப்பா" என்று கத்தி, வாங்கி நிறுவிவிட்டால் அவர்களுக்குத் தீர்ந்தது. பார்வையற்ற மாணவர் எத்தனை எழுத்துரு நிறுவினாலும் அவருக்குக் கேட்பது அதே குப்பைதான்.

பாமினியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி என்றால், தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் அவ்வையார். அச்சகங்களிலும் டிடிபி சென்டர்களிலும் இன்னும் என்னென்னவோ. பெயர்தான் வேறு. வியாதி ஒன்றே.

வராத சாக்கு இல்லை

இதைச் சொன்னவுடன் வரிசையாகச் சாக்குகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"எனக்கு டைப்ரைட்டிங் முறைதான் வரும், யூனிகோடு வராது." இதுதான் அதிகம் கேட்கும் சாக்கு, அதிகம் தப்பான சாக்கும் கூட. விரல் பழக்கம் வேறு, கோப்பில் பதியும் எண் வேறு. எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலுமே பழைய தட்டச்சு முறையும் உண்டு, பாமினி முறையும் உண்டு. விரல்கள் பழகிய அதே விசையைத் தட்டலாம், கோப்பில் யூனிகோடு பதியும். அம்மா என்றால் ஆங்கிலத்தில் அடித்து வரவழைப்பவர்களுக்கு அழகி, அஞ்சல் முறைகள். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99. அது இன்று விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். வராது என்பது பொய். மாற்றச் சோம்பல் என்பதே மெய்.

"பழைய கோப்புகள் மலை மாதிரி கிடக்கே?" கிடக்கட்டும். மாற்றிகள் எதற்கு இருக்கின்றன? சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வெர்ட்டர் எல்லாம் 2000-களிலேயே வந்துவிட்டன. பழைய குறியாக்கத்தில் உள்ளதை ஒட்டினால் யூனிகோடில் திருப்பித் தரும். நாற்பது பக்கத்துக்குச் சில நிமிடங்கள். அங்கங்கே வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் கொஞ்சம் சொதப்பும், கையால் திருத்த வேண்டும். ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை.

"அச்சுக்குப் போகும் மென்பொருளில் யூனிகோடு வராதே?" பேஜ்மேக்கரைப் பிடித்துத் தொங்கினால் வராதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வெளியான வருடம் 2001! இன்டிசைனில் 2012-ல் வந்த சிஎஸ்6 முதல் தமிழ் யூனிகோடு வேலை செய்கிறது. பணம் இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம். மேலும், வகுப்புக் குறிப்புக்கும் துறைச் சுற்றறிக்கைக்கும் அச்சக மென்பொருள் எதற்கு?

"யூனிகோடே தமிழுக்கு முழு நியாயம் செய்யவில்லை." உண்மையான விவாதம் இது. உயிர்மெய் எழுத்துக்களுக்குத் தனி இடம் தரவில்லை என்ற வருத்தம் பல அறிஞர்களுக்கு உண்டு. டேஸ்16 என்ற குறியாக்கம் அதற்காகத்தான் உருவானது. அந்தச் சண்டை நடக்கட்டும். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு பாமினியில் அடிப்பது, அரிசியில் கல் இருக்கிறது என்று மண்ணை அள்ளித் தின்கிற கதை.

"அவங்களுக்குத்தான் படிச்சுக் காட்ட ஆள் இருக்காங்களே?" இதுதான் இருப்பதிலேயே கொடுமையான சாக்கு. படித்துக்காட்டும் நண்பனுக்கும் அதே நாள்தான் தேர்வு. ராத்திரி பதினொரு மணிக்கு மூன்றாவது பாடத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றால் யாரை எழுப்புவது? ஒருவரின் மதிப்பெண், வங்கிக் கணக்கு, காதல் கடிதம் எல்லாவற்றையும் அடுத்தவர் வாயால்தான் கேட்க வேண்டும் என்று விதிக்க யாருக்கு உரிமை இருக்கிறது? ஆள் தேவைப்படாமல் படிப்பதற்குத்தான் அந்தக் கருவியே வந்தது. அதை முடக்கிவிட்டு ஆள் வைத்துக்கொள் என்பது, காலை உடைத்துவிட்டுத் தூக்கிப் போகிறேன் என்பது போல.

அரசு சொல்லியாயிற்று, சட்டம் சொல்லியாயிற்று

வரலாற்றையும் பார்த்துவிடலாம். 1991-ல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் அன்றைய கணினிகளில் அது ஓடவில்லை. ஆகவே ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. அவர்களால்தான் தமிழ் கணினியில் ஏறியது, அதற்கு நன்றி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழக அரசு ஏற்றது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடையே தரமாக அறிவித்து அரசாணை வந்தது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடிப்பவர்களுக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல்கள் எல்லோரும் அணுகக்கூடிய வடிவத்தில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 50 லட்சம் பேர். "ரெண்டு பேருக்காக மாத்தணுமா" என்று கேட்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

அந்த ரெண்டு பேருக்காக மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பாமினிக் கோப்பில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தித் தமிழில் தேட முடியாது. பாமினியில் போட்ட பக்கத்தைத் தமிழில் தேடினால் கூகிளுக்கும் அகப்படாது. அகர வரிசைப்படுத்த முடியாது, எழுத்துப்பிழை திருத்த முடியாது, வெட்டி மின்னஞ்சலில் ஒட்டவும் முடியாது. பார்வையற்றவருக்குக் கதவை அடைத்தவர்கள் தங்கள் வீட்டு ஜன்னலையும் சேர்த்தே அடைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு பாவங்கள்

யூனிகோடுக்கு மாறிவிட்டேன் என்று மார்தட்டுபவர்களுக்கும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

முதல் பாவம், படமாக அனுப்புவது. நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளுவது, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவது. அதில் எழுத்தே இல்லை, வெறும் படம். அச்சிட்ட பக்கமாக இருந்தால் எழுத்துணரியில் போட்டு எழுத்தாக்கிவிடலாம். டெசராக்ட் என்ற திறந்த மூல எழுத்துணரிக்குத் தமிழ் தெரியும். அதை நிறுவத் தெரியாது என்றால், படத்தைக் கூகிள் டிரைவில் ஏற்றி கூகிள் டாக்ஸில் திறந்தால் போதும், கீழே எழுத்து வந்து நிற்கும். பிழைகள் இருக்கும், ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஆனால் கையெழுத்து நோட்டு என்றால் இதை நம்ப முடியாது. தட்டச்சு செய்வதே வழி.

இரண்டாவது பாவம், தலைப்பைத் தலைப்பாகப் போடாதது. வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்தால் கண்ணுக்குத் தலைப்பு. திரைவாசிப்பானுக்கு அதுவும் இன்னொரு வரிதான். "ஹெடிங் 1" என்ற பாணியைத் தேர்ந்தெடுத்துப் போட்டால், என்விடிஏ பயன்படுத்துபவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் போகலாம். போடாவிட்டால் நான்காவது பாடத்துக்குப் போக முதல் மூன்று பாடத்தையும் கேட்டுத் தொலைக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கிளிக்.

முடிந்தால் செய்து பாருங்கள்

இவ்வளவும் மிகை என்று தோன்றுகிறவர்களுக்கு எளிதான சோதனை ஒன்று உண்டு. என்விடிஏயைத் தரவிறக்குங்கள். நிறுவாமலே ஓட்டலாம். குரல் அமைப்பில் ஈஸ்பீக்குக்குத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக நண்பர்களுக்கு அனுப்பிய தமிழ்க் கோப்பைத் திறந்து, இன்செர்ட் விசையை அழுத்திக்கொண்டு கீழ் அம்பைத் தட்டுங்கள். அது தொடர்ந்து படிக்க ஆரம்பிக்கும். இப்போது மானிட்டரை அணைத்துவிடுங்கள். ஐந்தே நிமிடம். கன்ட்ரோலைத் தட்டினால் குரல் நிற்கும், இன்செர்ட்-க்யூ அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்ளும்.

காதில் விழுந்தது தமிழ் என்றால் சந்தோஷம், அடுத்தவருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஜே, கே, பி, ஓ என்று விழுந்தால், அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றி, தலைப்புகளைச் சரி செய்து, வாங்கியவர்கள் எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள். அதன் பிறகு "என் சிஸ்டத்தில் இருக்கும் டாப் டென் சாஃப்ட்வேர்" என்று தாராளமாகப் பட்டியல் போடலாம்.