கீரையில் ஓட்டை இருந்தால் என்ன?

தம்மம்பட்டிப் பக்கத்துக் கீரைப் பாத்தி எதிலாவது சற்றுக் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று இலைகள் பட்டு நூலால் சேர்த்துக் கட்டியதுபோல் ஒட்டிக் கிடக்கும். பிரித்தால் உள்ளே ஒரு பச்சைப் புழு நெளியும். இதுதான் இலை பிணைக்கும் புழு. வளர்ந்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, பிறகு அந்துப்பூச்சியாக வெளிவரும். பழுப்புச் சிறகு, அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை. விரித்தால் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான்.

1775-இல் பப்ரீசியஸ் என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டார். இன்று இதன் பெயர் ஸ்போலாடியா ரிக்கர்வாலிஸ். அமெரிக்காவில் பீட்ரூட் இலையைத் தின்பதால், அங்கே இதைப் பீட் வலைப்புழு என்கிறார்கள். பீட்ரூட்டும் நம் தண்டுக்கீரையும் ஒரே குடும்பம். புழுவுக்கு இது தாவரவியல் படிக்காமலே தெரியும்!

விவசாயி என்ன செய்கிறார்? மருந்து அடிக்கிறார். நஞ்சை மருந்து என்று சொல்லப் பழகிவிட்டோம். முளைக்கீரை விதைத்த ஒரு மாதத்திற்குள் பிடுங்கப்படுவது. தெளித்த நஞ்சு சிதைய நாள் வேண்டும். சந்தைக்குப் போகும் கீரைக்கு அந்த நாள் எங்கே இருக்கிறது? குழந்தைக்கு நல்லது என்று கடைந்து கொடுப்பதும் அதே இலையைத்தான்.

இதற்கு விவசாயியை மட்டும் குறை கூற நான் தயாராக இல்லை. ஓட்டை விழுந்த கட்டை ஒதுக்கிவிட்டு, பளபளப்பான கட்டைக் கேட்டு வாங்குவது நாம் அல்லவா? ஓட்டையைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சமைக்கலாம். உள்ளே போன நஞ்சைக் கிள்ளி எறிய முடியுமா?

பாத்தி சிறிதானால் பிணைந்த இலைகளைக் கையாலேயே பறித்துக் கோழிக்குப் போடலாம். பெரிதானால் வேப்பங்கொட்டைச் சாறு இருக்கிறது. அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்களைக் காக்கையும் மைனாவும் பொறுக்கிவிடும். இன்னொன்று: வயலில் களையாக மண்டும் சாரணையையும் இந்தப் புழு மொட்டையாக்கும். அப்போது இது எதிரியா, கூலி வாங்காத ஆளா?

ஒரு சோதனை செய்யுங்கள். ஈர மண் போட்ட கண்ணாடிக் குவளையில் பிணைந்த இலையைப் புழுவோடு வைத்து, மெல்லிய துணியால் மூடுங்கள். தினம் புது இலை போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அந்துப்பூச்சி வரலாம். சில வேளை புழு செத்து, பக்கத்தில் சிறு கூடு ஒன்று தோன்றி, அதிலிருந்து எறும்பளவுக் குளவி பறக்கலாம். புழுவுக்கு அடிக்கும் மருந்து அந்தக் குளவியையும் சேர்த்தே கொல்கிறது.