விலை சொல்லாத காட்சியறை

கொழும்பில் உள்ள சொகுசுக் கார் விற்பனை நிலையமொன்றுக்கு நண்பருடன் சென்றிருந்தேன். வாங்கச் சென்றவர் அவர், நான் துணைக்கு. வணிகரான அவருக்குச் சாரமும் செருப்புமே வழமையான உடை. கால்மணி நேரம் நின்றோம். அங்கிருந்த இளைஞர் தலைநிமிரவில்லை. நண்பர் விலை கேட்டார். "அது கொஞ்சம் கூடின விலை ஐயா" என்பதே பதில். எவ்வளவு என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை. அவர் வேறிடத்தில் வாங்கினார்.

2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமக்கூருவில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மகிந்திரா காட்சியறைக்குப் பொலேரோ பிக்கப் வாங்கச் சென்ற விவசாயியை, சட்டைப்பையில் 10 ரூபாய்கூட இராதவர் என்று விற்பனையாளர் ஏளனம் செய்ததாகச் செய்தி வெளியானது. சற்று நேரத்தில் அவர் 10 இலட்சம் ரூபாவுடன் திரும்பினார். இப்போதே வாகனத்தைத் தாருங்கள் என்றார், அவர்களால் இயலவில்லை! விவகாரம் பொலிஸ்வரை போனது. மனித கண்ணியம் பேணுவது பற்றி ஆனந்த் மகிந்திராவே எழுத நேர்ந்தது. நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது.

(அல்வர் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸில் குப்பை அள்ளவைத்த கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரமில்லை. ஆனாலும் அது சாகவில்லை.)

விற்பனையாளரை மட்டும் குறைகூற எனக்கு மனமில்லை. மாத இலக்கும் தரகுப் பணமும் சேர்ந்தே அவரை ஆளைப் பார்த்து எடைபோடப் பழக்குகின்றன. அதைக் கண்டுகொள்ளாதவர் மேலாளர்.

வணிகர்கள் விலையைக் காட்சிப்படுத்தவேண்டும் என்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். சந்தையில் அரிசி விற்பவர் எழுதிவைக்கிறார். காரின் கண்ணாடியிலும் ஒரு சீட்டை ஒட்டிவைக்கட்டுமே!