சாய்ந்த கோடும் செவ்வகப் பிடிவாதமும்

நிரலை ஓட்டிப் பார்க்காமலேயே அதிலுள்ள பிழைகளைத் தேடும் பகுப்பாய்விகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மென்பொருள்காரர்களிடம் ஒரு பேச்சு உலவுகிறது: ஒவ்வொரு மாறிக்கும் கீழெல்லை, மேலெல்லை தெரிந்தால் போதும், மாறிகளுக்கு இடையே உள்ள உறவைத் துரத்துவது ஆய்வுக்கூட ஆடம்பரம். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுக்கு எல்லை எச்சரிக்கைக் கருவி செய்வதாக வைத்துக்கொண்டால், இந்தப் பேச்சு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

1974 ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் இந்திய–இலங்கை எல்லை ஆறு புள்ளிகளை இணைத்துப் போகிறது. இரண்டாம் புள்ளி வடக்கே 9°57', கிழக்கே 79°35'. மூன்றாம் புள்ளி 9°40.15', 79°22.60'. இடையே கோடு தென்மேற்காகச் சாய்கிறது. நிரலில் நிபந்தனை சரியாகவே இருக்கிறது என்போம்: அட்சரேகையைச் சுமார் 0.74-ஆல் பெருக்கி ஒரு மாறிலியைக் கூட்டினால் வரும் எண்ணைத் தீர்க்கரேகை மீறக் கூடாது. வீச்சு மட்டும் அறிந்த பகுப்பாய்வி இந்த நிபந்தனையைத் தாண்டியதும் கையில் வைத்திருப்பது ஒரு செவ்வகம்தான். 9°41', 79°34' என்ற இடமும் அதற்குள் அடக்கம். அந்த இடமோ கோட்டுக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கடல் மைல் தள்ளி, இலங்கைக் கடலில் இருக்கிறது. ஆகவே பழுதில்லாத நிரலையும் அது சந்தேகிக்கும்.

அப்படியானால் நிபந்தனையையே செவ்வகமாக்கிவிடலாமே என்பார்கள். 79°22.60' தாண்டினாலே அலறும் கருவியை, வடபுறத்தில் நம் கடலிலேயே பாடு பார்க்கிறவர் அணைத்துவிட்டுத்தான் வலை இறக்குவார். (தெரிந்தே தாண்டுகிறவர் கதை வேறு, அதை எந்த நிரலாலும் தீர்க்க முடியாது.) சாய்ந்த கோட்டைச் சாய்ந்த கோடாகவே நினைவில் வைக்கும் முறையை பாட்ரிக் கூசோவும் நிக்கோலா ஹால்ப்வாக்ஸும் 1978-லேயே தந்துவிட்டார்கள்: பல்முகிக் களம்.

"உறவு என்றாலே கணினி திணறும்" என்பது பாதி உண்மை. பல்முகிகளின் செலவு மோசமான நிலையில் அடுக்கேற்றமாகப் பெருகும். அதனால்தான் அந்துவான் மினே 2001-ல் எண்கோணக் களத்தை முன்வைத்தார்: இரண்டிரண்டு மாறிகளின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மட்டும் வரம்பு, நேரம் மாறிகளின் எண்ணிக்கைக்கு முப்படியில் வளரும், நினைவகம் இருபடியில். நம் 0.74 சரிவை அதனால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. ஆனால் அதே கருவியின் பயணப் பதிவில் "சுட்டெண் நீளத்தைவிடக் குறைவு" என்பதை நிறுவ அது தாராளமாகப் போதும். எங்கே எது வேண்டுமோ அங்கே அது. ஆஸ்த்ரே பகுப்பாய்வி அப்படித்தான் மாறிகளைச் சிறு கட்டுகளாகப் பிரித்துக்கொண்டு, 2003-ல் ஏர்பஸ் ஏ340-இன் பறப்புக் கட்டுப்பாட்டு நிரலில், 1,32,000 வரி சி மொழியில், இயக்கநேரப் பிழை இல்லை என்று ஒரு பொய் எச்சரிக்கையும் இல்லாமல் நிறுவியது.

விமானத்துக்குச் சரி, படகுக் கருவிக்கு எதற்கு? படகுக் கருவியில் மாறிகள் குறைவு, பல்முகியே கட்டுபடியாகும்.

1996-இல் ஏரியன் 5 ராக்கெட்டை வீழ்த்திய பிழையைப் பிடிக்க வீச்சே போதுமே என்று கேட்டால், ஆமாம், போதும். 64 பிட் எண்ணை 16 பிட்டில் திணித்த பிழை அது. அங்கே சம்பந்தப்பட்டது ஒரே ஒரு எண்.