தாமரைக் கோபுரமும் லயத்துக் கூரையும்

கொழும்பு மாநகரிலே, பேரை வாவியின் கரையில் எழுந்து நிற்கும் தாமரைக் கோபுரம் தேசத்தின் முன்னேற்றத்துக்குச் சான்று என்று கூறுவோர் பலர். ஏறத்தாழ 350 மீற்றர் உயரம். பச்சை வண்ணத் தண்டு. அதன் உச்சியில் இதழ் விரியும் ஊதா மொட்டு. உயரத்தைக் கண்டு வியப்பது மனித இயல்பு. ஆயின் வியப்பு மதிப்பீடாகாது. அக்கோபுரம் எதன் பொருட்டு எழுந்தது, எவர் உழைப்பின் மீது எழுந்தது என்னும் வினாக்களை வட்டகொடை போன்ற தோட்டப்புறத்திலிருந்து எழுப்பும்போது, தலைநகரில் கிடைக்கும் விடைகள் போதாதனவாகின்றன.

கோபுரத்தின் கட்டுமானம் 2012 ஜனவரியில் தொடங்கியது. முதலில் பேலியகொடையில் அமைக்க எண்ணப்பட்டுப் பின்னர் நகரின் நடுவே கொணரப்பட்டது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு அதற்குப் பொறுப்பாயிருந்தது. செலவு 100 மில்லியன் டொலருக்கு மேல். அதன் பெரும்பகுதி சீன எக்சிம் வங்கிக் கடன். தொலைக்காட்சி, வானொலி அலைகளைப் பரப்புதலே அதன் முதல் நோக்கமெனக் கூறப்பட்டது.

இந்நோக்கத்தைச் சற்று ஆராய்தல் வேண்டும். இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. புவியின் வளைவு அவற்றை மறைக்கும். ஆதலின் உயரமே அவற்றின் எல்லையை வகுக்கிறது. 350 மீற்றர் உயரத்திலிருந்து தொடுவானம் ஏறக்குறைய 67 கிலோமீற்றர். 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதலாகல மலையுச்சியிலிருந்து, இடையில் வேறு மலை மறிக்காவிடின், ஏறக்குறைய 180 கிலோமீற்றர். யப்பானின் உதவியோடு 1982 இல் தொடங்கிய ரூபவாஹினி அம்மலையையே தன் அலைபரப்புத் தலமாகக் கொண்டமை தற்செயலன்று. வட்டகொடைப் புகையிரத நிலையமே கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலுள்ளது. தாமரைக் கோபுரத்தின் நுனி 1,150 அடி மட்டில் நின்றுவிடுகிறது. இயற்கை கூலியின்றித் தந்த உயரம் மலையகத்தில் இருக்க, கடன்பட்ட உயரம் வாவிக்கரையில் வளர்ந்தது.

நெருக்கமான நகரத்துக்குத் தனி அலைபரப்பி தேவையன்றோ, தனித்தனிக் கம்பங்களை ஒன்றாக்குவது சிக்கனமன்றோ என வினவலாம். நியாயமான வினாவே. ஆயின் அத்தேவைக்கு ஒரு கம்பமும் சில அறைகளும் போதும். சுழலும் உணவகமும் விழா மண்டபமும் எந்த அலையைப் பரப்புகின்றன? இலங்கை டிஜிட்டல் ஒளிபரப்புக்கு யப்பானிய முறையை 2014 இல் தெரிவு செய்தது. 2019 செப்டெம்பரில் கோபுரம் விழாவெடுத்துத் திறக்கப்பட்டது. பொதுமக்கள் உள்ளே செல்ல 2022 செப்டெம்பர் 15 வரை காத்திருந்தனர். அந்நாளிலும் நாட்டின் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புத் தொடங்கியிருக்கவில்லை.

பாரிஸ் நகரின் ஈபெல் கோபுரத்தை உவமை காட்டுவோர் அதன் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1889 இல் எழுந்த அக்கோபுரத்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 20 ஆண்டு. கம்பியில்லாத் தந்திக்குப் பயன்பட்டமையே அதனை அழிவினின்று காத்தது. காட்சிப் பொருளாய்ப் பிறந்து அலைகளால் உயிர் பெற்றது அது. அலைகளுக்கெனப் பிறந்து நுழைவுச் சீட்டால் உயிர் வாழ்வது இது. வடிவத்திலும் வேற்றுமை உண்டு. காற்றின் விசையை எதிர்க்கும் தேவையே ஈபெலின் வளைவை வரைந்தது. அங்கு அழகும் பொறியியலும் ஒன்று. இங்கோ கொங்கிறீற்றுத் தண்டின் மீது மலர் பின்னர் சூட்டப்பட்டது. இதழ்கள் எப்பாரத்தையும் தாங்குவனவல்ல. (கோபுரம் என்னும் சொல்லும் இங்கு வலிந்தே வழங்குகிறது, தமிழர் மரபில் அது வாயில் மீது நிற்பது, கீழே நுழைவோரிடம் சீட்டுக் கேட்பதன்று.)

இத்தீவில் இன்னொரு வடிவமைப்பும் உண்டு. அதற்குத் திறப்பு விழா நிகழ்ந்ததில்லை. அதுவே லயம். 10 அடிக்கு 12 அடி கொண்ட காம்பரா, அதனோடு ஒட்டிய காம்பரா, சிலவிடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை, மேலே தகரம். இதுவும் எண்ணித் துணிந்த கட்டடக்கலையே: குறைந்த செலவில் கூடிய தொழிலாளரை ஓரிடத்தில் அடக்குவது அதன் இலக்கு, அவ்விலக்கை நூற்றாண்டுக்கு மேலாக அது பிழையின்றி நிறைவேற்றி வருகிறது. 1885 இல் நானுஓயா வரை நீண்ட இருப்புப்பாதை வட்டகொடையைக் கடந்தே சென்றது. அப்பாதையில் இறங்கிய தேயிலை, 1883 முதல் ஏல விற்பனை நிகழ்ந்துவந்த கொழும்பை வளமுறச் செய்தது; தேயிலையைக் கொய்தவர் லயத்திலேயே தங்கினர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோராக்கியது. எஞ்சியோர்க்கு அது முழுமையாகக் கிட்ட 2003 வரை சென்றது. ஏழு பேர்ச் நிலத்துடன் தனிவீடு என்பது அண்மைக்காலப் பேச்சு. இந்திய அரசின் உதவியோடு கட்டத் தொடங்கிய 4,000 வீடுகளைக்கூட அளந்து எண்ணிப் பெறவேண்டியிருந்தது.

கடன் டொலரில் பெறப்பட்டது. ஆண்டுதோறும் 1,000 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டித் தரும் தேயிலை, அக்கடனை அடைக்கும் செலாவணியின் ஊற்றுகளுள் ஒன்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கோபுரத்தின் வாயில் திறந்தது. உள்நாட்டவர்க்கு 500 ரூபா, வரிசையின்றி ஏற 2,000 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபா. அதுவும் 2021 மார்ச்சில் வர்த்தமானி வழியே, நெடிய போராட்டத்தின் பின்னரே கிட்டியது. தன் நகரத்தின் மொட்டை மேலேறிப் பார்க்க விரும்பிய தொழிலாளி அன்று அரைநாட் கொழுந்தைக் கொடுத்து வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. வரிசையைத் தவிர்க்க விரும்பினால் இரு நாட் கொழுந்து. இரயில் கட்டணம் வேறு.