கண்ணியைக் குறைப்பது பரிகாரமன்று

செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரமாக விரைகின்ற சைக்கிள்காரர்களுள், கழன்ற செயினைக் கரி படிந்த விரல்களால் மாட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஒருவரையேனும் காணாமல் அவ்வழியே நான் பிரயாணம் செய்த நாள் அபூர்வம்.

அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: தளர்ந்த செயினில் ஒரு ஜோடிக் கண்ணியை எடுத்துவிட்டு, மீதியை இழுத்துப் பூட்டுவது. செலவும் சொற்பம், காரியமும் சீக்கிரம் முடிகிறது. ஆயினும் இது பரிகாரமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

செயின் நீள்கிறது என்று நாம் சொன்னாலும், அதன் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கிய புஷ்-ரோலர் செயினின் வழிவந்த இன்றைய செயினில், ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் சிறு குழலுக்குள் இடையறாது திரும்புகிறது. லாரிகள் எழுப்பும் புழுதியும் மழைக்காலச் சேறும் எண்ணெயோடு கலந்து உப்புத்தாளைப்போல் அராவ, பின்னும் குழலும் தேய்ந்து, அரை அங்குலமாக இருக்க வேண்டிய கண்ணியின் இடைவெளி மயிரிழை மயிரிழையாக அகன்றுபோகிறது. இரண்டு கண்ணிகளை நீக்கினால் மொத்த நீளம் குறையுமேயன்றி, எஞ்சிய கண்ணிகளின் இடைவெளி குறையாது. அவை பல்லிடைப் பள்ளத்தில் அமராமல் பல்லின் உச்சியில் ஏறி உராய, பின்சக்கரத்துப் பிரீவீலின் பற்கள் கொக்கிபோல் வளைந்துவிடுகின்றன. பிறகு புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். செயினோடு போக வேண்டிய செலவு பிரீவீலுக்கும் முன்புறப் பற்சக்கரத்துக்கும் பரவுகிறது. பணத்தினும் பெரிது உயிர்: கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க ஒரு பெண் எழுந்து நின்று மிதிக்கும் அந்த க்ஷணத்தில்தான் தேய்ந்த செயின் நழுவும்.

செயினைச் சோதிப்பதற்கு ஓர் இரும்பு டேப் போதும். பின்னின் நடுவிலிருந்து இருபத்து நான்கு கண்ணிகளை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். 12⅛ அங்குலமாகிவிட்டதாயின் அதைக் கழித்துவிட வேண்டும்.

1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய அம்பத்தூர் நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. ஆகவே புதுச் செயின் ஒன்றும் அரிய வஸ்துவன்று. பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் வழங்கும் அரசாங்கம், வருஷத்திற்கு ஒரு நாள் ஒரு சைக்கிள் தொழிலாளியைப் பள்ளிக்கு அழைத்து அவற்றின் செயின்களை அளக்கச் செய்து, தேய்ந்தவற்றை மாற்றியும் தருமாயின், கொடுத்த தானம் முழுமை பெறும். தொழிற்சாலைகளும் தத்தம் சைக்கிள் கொட்டகையில் இதைச் செய்யலாம்.

அதுவரையில், பெற்றோர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையின் செயினை ஒரு முறை அளந்து பாருங்கள். தேய்ந்திருந்தால், கண்ணியை எடுத்துவிடச் சொல்லாமல், புதுச் செயினே போடச் சொல்லுங்கள்.